நாகர்கோவிலில் இருந்து அங்கோர்வாட்: ஆறு நாள் டூர் எப்படி இருந்தது?

மயிலாடியில் கல்வேலை செய்கிறேன். முப்பத்திரண்டு வருஷமாகக் கருங்கல்தான் சோறு போடுகிறது. போன ஜனவரியில் நாகர்கோவிலில் உள்ள ஒரு டிராவல்ஸ் மூலமாகக் கம்போடியா போய் வந்தேன். ஐந்து ராத்திரி, ஆளுக்கு 84,000 ரூபாய், மொத்தம் பதினெட்டுப் பேர். திருவனந்தபுரத்தில் ஏறி, கோலாலம்பூரில் விமானம் மாறினோம். போக நினைப்பவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

முதலில் குறையைச் சொல்லிவிடுகிறேன். பழைய கோயில்கள் நிறைந்த அங்கோர் பகுதிக்கு நுழைவுச் சீட்டு ஒரு நாளைக்கு 37 டாலர், மூன்று நாளைக்கு 62 டாலர். நோட்டீஸில் "அங்கோர் முழுவதும்" என்று அச்சடித்துவிட்டு ஒரு நாள் சீட்டுதான் எடுத்திருந்தார்கள். அங்கோர்வாட், பாயோன், தா ப்ரோம் மூன்று கோயில்களையும் காலை ஐந்து மணிக்குத் தொடங்கி மதியம் இரண்டு மணிக்குள் ஓடி முடித்தோம். மிச்ச நேரம் பட்டுக் கடை, ரத்தினக் கடை. கேட்டதற்கு, "எல்லாம் இடிஞ்ச கோயில்தானே அண்ணாச்சி, ஒரு நாள் போதும்" என்றார் கூட வந்த மேனேஜர். அந்தப் பேச்சு எனக்குப் பொறுக்கவில்லை. மறுநாள் சொந்தக் காசில் மூன்று நாள் சீட்டு எடுத்தேன். முதல் நாள் வந்த கெமர் (கம்போடியாவின் பெரும்பான்மை இனம்) கைடையே தனியாகப் பேசி வைத்துக்கொண்டு கோயில்களுக்குத் திரும்பிப் போனேன். இந்தப் பயணத்தில் கொடுத்த காசுக்கு மேல் கிடைத்தது என்றால் அது அவரிடம்தான்.

பஸ்ஸில் மேனேஜர் மைக் பிடித்து, "ஐரோப்பாக்காரன் கண்டுபிடிச்ச கோயில்" என்றார். பிரெஞ்சுக்காரர் ஆன்றி மூஓ 1860இல் வந்தது உண்மைதான். ஆனால் அவர் வந்தபோதும் அங்கே புத்த பிக்குகள் இருந்தார்கள், வழிபாடு நடந்துகொண்டிருந்தது. தொலைந்து போயிருந்தால் அல்லவா கண்டுபிடிக்க வேண்டும்!

அங்கோரோடு ஒப்பிட நான் பார்த்த இன்னொரு பெரிய கல்கோயிலைச் சொல்கிறேன். என் மகள் ஜெர்மனியில் கொலோன் நகரத்தில் நர்ஸ். 2022இல் அவளைப் பார்க்கப் போனபோது அங்குள்ள பேராலயத்தை மூன்று நாள் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். 1248இல் அடிக்கல் போட்டது. 16ஆம் நூற்றாண்டில் வேலை நின்று, பாதிக் கோபுரத்தின் மேல் பாரந்தூக்கி முந்நூறு வருஷத்துக்கு மேல் அப்படியே நின்றிருக்கிறது. முகப்பின் பழைய வரைபடத்தில் ஒரு பாதி 1814இலும் மறு பாதி 1816இலும் கிடைத்தன. 1842இல் மறுபடி தொடங்கி, அந்த வரைபடத்தை வைத்தே 1880இல் முடித்தார்கள். இன்றைக்கும் கோயிலை ஒட்டியே கல்தச்சர் பட்டறை இருக்கிறது. அரித்துப்போன கல்லுக்குப் பதிலாகப் புதுக் கல் அங்கே செதுக்குகிறார்கள்.

அங்கோர்வாட் அதற்கும் நூறு வருஷம் மூத்தது. இரண்டாம் சூரியவர்மன் விஷ்ணுவுக்குக் கட்டியது. உள்ளே செம்மண் வெட்டுக்கல், வெளியே மணற்கல், சாந்தே இல்லை. கிழக்குச் சுவரின் தென்பாதியில் பாற்கடல் கடையும் சிற்பம் 49 மீட்டர் நீளம். வாசுகியைப் பிடித்து இழுக்கும் அசுரர்களின் தோளும் தொடையும் ஒரே அளவில் வரிசையாகப் போகின்றன. ஒரு இடத்தில்கூட உளி தடுமாறவில்லை. அதே சுவரில் வடக்கே நடந்தால் விஷ்ணு அசுரரோடு போர் செய்யும் காட்சி. நாலடி போனதுமே, "இது வேற கை" என்றேன். ஆழம் இல்லை, துணி மடிப்பு தட்டையாக இருக்கிறது, முகங்களில் உயிர் இல்லை. கைடு என்னைத் திரும்பிப் பார்த்தார். "நானூறு வருஷம் கழிச்சு, 16ஆம் நூற்றாண்டுல செதுக்கினது" என்றார். கொலோனில் வேலை நின்ற அதே நூற்றாண்டு.

கொலோனில் தோலில் வரைந்த அந்த வரைபடம் பிழைத்துக்கொண்டது. கெமர்கள் ஓலையில் எழுதியது மண்ணாகிவிட்டது, கல்வெட்டுதான் மிச்சம். அப்புறம் 1975 ஏப்ரலில் இருந்து 1979 ஜனவரி வரை கம்போடியாவில் சர்வாதிகாரி போல் பாட் ஆட்சி. பதினைந்து லட்சத்துக்கும் மேல் மக்கள் செத்தார்கள். பிக்குகளின் காவி உடையை உருவினார்கள். கைடின் தாய்மாமா விகாரையில் புத்தர் சிலை செதுக்கியவர். கூட்டிக்கொண்டு போனவர்கள் திருப்பி அனுப்பவில்லை. கொலோனும் உலகப் போரில் குண்டு வாங்கிய ஊர்தான், ஆனால் திருப்பிக் கட்டத் தெரிந்த ஆட்கள் அங்கே மிஞ்சினார்கள். கல்வேலை கை பார்த்துக் கை படிக்கிற வேலை. ஒரு தலைமுறையை வெட்டி எடுத்துவிட்டால் அடுத்தவன் யார் கையைப் பார்ப்பான்?

கொலோன் பேராலயமா அங்கோர்வாட்டா, எது பெரியது என்று பஸ்ஸில் ஒரு வாக்குவாதம் நடந்தது. கொலோனில் உள்கூரை 43 மீட்டர் உயரம், ஆயிரக்கணக்கானவர்கள் உள்ளே கூடி ஜெபிக்கலாம். அங்கோரில் கல்லைப் படிப்படியாக நீட்டித்தான் கூரை மூடினார்கள், அதனால் நடைகள் குறுகல். சரி, நம் சுசீந்திரம் கர்ப்பக்கிரகத்தில் எத்தனை பேர் நிற்க முடியும்? அது சாமி இருக்கிற அறை. ஜனங்கள் வெளியே நிற்பார்கள். தேவை வேறு, அதனால் கட்டடம் வேறு.

அகழிப் பாதையின் இரண்டு பக்கமும் ஏழு தலை நாகம் கைப்பிடிச் சுவராக நீண்டு கிடக்கிறது. எங்களோடு வந்த ஒழுகினசேரி அம்மா ஒருவர், "நம்ம நாகராஜா" என்று தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கெமர் வம்சமே ஒரு நாக இளவரசியில் இருந்து வந்ததாகத்தான் அவர்கள் கதை. கல்யாணத்தில் மாப்பிள்ளை பெண்ணின் சால்வை நுனியைப் பிடித்துக்கொண்டு பின்னால் போவதும், பெண் வீட்டோடு போய்த் தங்குவதும் அதனால்தான் என்றார் கைடு. கல்யாணத்துக்குப் பிறகும் பெண் தன் பெயரை மாற்றுவதில்லை. கொலோனில் என் மகளோடு வேலை பார்க்கிற பெண்களில் பாதிப்பேர் புருஷன் பெயருக்கு மாறியவர்கள். மருமக்கள்வழி (மாமன் சொத்து சகோதரி பிள்ளைகளுக்குப் போகும் முறை) இருந்த நாஞ்சில் நாட்டுக்காரனுக்குக் கெமர் முறைதான் கிட்டத்தில் இருக்கிறது.

ஹோட்டல் சுத்தம். சாப்பாட்டுக்குப் பயப்பட வேண்டாம். வாழையிலையில் தேங்காய்ப்பால் விட்டு அவிக்கும் மீன் அமோக் நம் நாக்குக்கு ஒத்துப்போகும்.

அங்கோருக்குப் பக்கத்து ஊரான சியெம் ரீப்பில் ஆர்டிசன்ஸ் அங்கோர் பட்டறைக்கு அவசியம் போங்கள். கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கல்லும் மரமும் செதுக்கக் கற்றுத்தருகிறார்கள். அங்கே ஒரு பெண் புத்தர் முகத்தில் கண் திறந்துகொண்டிருந்தாள். உளியைப் பெருவிரலால் அணைத்துப் பிடிக்கும் பிடி அப்படியே எங்கள் பட்டறைப் பிடி. நான் பார்ப்பதைக் கவனித்துவிட்டு உளியை என்னிடம் நீட்டினாள். இமையோரம் மூன்று கொத்து கொத்திக் கொடுத்தேன்.

அந்த டிராவல்ஸில் போகலாம், ஆனால் மூன்று நாள் சீட்டு என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு போங்கள். பத்து நாளுக்குள் எந்த மூன்று நாளும் அது செல்லும். கிழக்குச் சுவரைக் காலையில் பாருங்கள். வெயில் சாய்ந்து விழும்போதுதான் உளித்தடம் தெரியும்.