ஸ்டார்கேட்டா, ஆர்ஃபன் பிளாக்கா?

கனடாவில் பனிக்காலம் லேசில் முடியாது. வாசல் பனியை வாரித் தள்ளிவிட்டு உள்ளே வந்தால் எதைப் பார்ப்பது? இரண்டுமே அங்கே எடுத்த அறிவியல் புனைகதைத் தொடர்கள்தான்.

நேரம்: 'ஸ்டார்கேட் எஸ்ஜி-1' 10 சீசன், 214 பகுதிகள். 'ஆர்ஃபன் பிளாக்' 5 சீசன், வெறும் 50.

கவனம்: முன்னதில் பெரும்பாலும் பகுதிக்கு ஒரு கதை, துணி மடித்துக்கொண்டே பார்க்கலாம். பின்னதில் ஒன்றைத் தவறவிட்டாலும் தலை சுற்றும்.

கனடா வாசம்: ஸ்டார்கேட் வான்கூவர் பக்கம் எடுத்தது. கதையில் வேற்றுக் கிரகங்களுக்குப் போகும் குழு எந்தக் கிரகத்தில் இறங்கினாலும் அதே ஊசியிலைக் காடு! ஆர்ஃபன் பிளாக் டொரொன்டோவில். கதையே ஒரே மரபணுவிலிருந்து உருவாக்கிய நகல் மனிதர்களான குளோன்களைப் பற்றியது. அவர்களில் ஒருத்தி அலிசன், மினிவேன் ஓட்டும் புறநகர் இல்லத்தரசி. புருஷனைக் கட்டிப்போட்டு, கைவினைக்கு வைத்திருந்த சூடான பசைத் துப்பாக்கியைக் காட்டியே விசாரிப்பாள். பெண் குளோன்களில் கிட்டத்தட்ட எல்லோராகவும் நடித்தவர் டாட்டியானா மஸ்லானி ஒருவரே. 2016இல் எம்மி என்ற தொலைக்காட்சி விருது வாங்கினார். நடிப்புக்காகப் பார்ப்பவர்கள் யோசிக்கவே வேண்டாம், இதுதான்.

வீட்டில் எல்லோரும் அரட்டையோடு பார்க்க ஸ்டார்கேட். பிள்ளைகள் இருந்தால் முதல் பகுதியை மட்டும் முன்பே தனியாகப் பார்த்துவிடுங்கள். அதில் ஒரு நிர்வாணக் காட்சி உண்டு.