ஓஎம்ஆர் ஃபிளாட்ல ஷார்ட் ஸ்டே: கேட்டுக்கு உள்ள போறதே பெரிய வேலை

சித்தப்பா பொண்ணு கல்யாணத்துக்கு சென்னை போயிருந்தோம். தஞ்சாவூர்ல இருந்து அப்பா அம்மாவும் வர்றாங்க, அப்பாவுக்கு ஹோட்டல் சாப்பாடு ஒத்துக்காது, அதனால கிச்சனோட இருக்கட்டும்னு சோழிங்கநல்லூர் பக்கம் பெரிய கேட்டட் கம்யூனிட்டில ஒரு ஃபிளாட்ட ஆன்லைன்ல புக் பண்ணோம். ஃபோட்டோல்லாம் பளபளன்னு இருந்துச்சு, "ஹோம்ஸ்டே"ன்னு வேற போட்டிருந்தான்.

ராத்திரி பெட்டியோட போய் இறங்குனா செக்யூரிட்டி அண்ணன் விடல, கேட்டுல விசிட்டர விடுற ஆப்ல ஓனர் அப்ரூவல் வரலயாம். ஓனர் துபாய்ல. கேர்டேக்கருக்கு போன் போட்டா, "சார், ஓனரோட சொந்தக்காரங்கன்னு சொல்லிருங்க, விட்டுருவாங்க"ங்கறான். அப்பாவுக்கு வந்துச்சே கோவம், "பொய் சொல்லி உள்ள போறதுக்கு கல்யாண மண்டபத்துலயே படுத்துக்கலாம்டா"ன்னு பெட்டி மேல உக்காந்துட்டார்.

அப்புறம் அந்த ஃபிளாட் ஓனர்ஸ் அசோசியேஷன் செகரட்டரி சார் இறங்கி வந்தார், மரியாதையாத்தான் பேசினார். 30 நாளுக்குக் கம்மியா யாருக்கும் வாடகைக்கு விடக்கூடாதுன்னு ஜெனரல் பாடில தீர்மானமே போட்டிருக்காங்களாம், நோட்டீஸ் போர்டுல ஒட்டியிருந்தத காமிச்சார். காரணம் கேட்டேன், தண்ணின்னார். அங்க லாரித் தண்ணிதான், காசு மெயின்டனன்ஸ்ல ஸ்கொயர் ஃபீட் கணக்குல எல்லாரும் பிரிச்சுக் கட்றாங்க, ஒரு ஃபிளாட்ல வாராவாரம் எட்டு பேர் பத்து பேர்னு வந்து குளிச்சுட்டுப் போனா பக்கத்து வீட்டுக்காரனும் சேர்த்துதானே அழணும். நான் அங்க வீடு வாங்கியிருந்தா நானும் அந்த தீர்மானத்துக்குத்தான் கைதூக்கியிருப்பேன், சத்தியமா.

அடுத்து என் பொண்ணோட சிங்கப்பூர் பாஸ்போர்ட்டப் பார்த்துட்டு "ஃபார்ம் சி யார் போடுவா?"ன்னார். வெளிநாட்டு பாஸ்போர்ட்காரங்க தங்கினா தங்க வைக்கிறவங்க 24 மணி நேரத்துக்குள்ள ஆன்லைன்ல தகவல் குடுக்கணும். கேர்டேக்கர் அந்தப் பேரையே கேள்விப்பட்டதில்ல. அந்த "ஹோம்ஸ்டே" கதையும் அப்படித்தான், மத்திய சுற்றுலாத் துறை பெட் அண்ட் பிரேக்ஃபாஸ்ட் திட்டத்துல பதிவு வேணும்னா ஓனர் குடும்பம் அதே வீட்டுல குடியிருக்கணும், துபாய்ல உக்காந்துக்கிட்டு எப்படி?

சிங்கப்பூர்ல இந்தக் குழப்பமே கிடையாது. காண்டோன்னா, அதாவது தனியார் அபார்ட்மெண்ட்னா, வாடகைக்கு விட குறைஞ்சது 3 மாசம், எச்டிபின்னா, அதாவது அரசாங்கம் கட்டின ஃபிளாட்னா, 6 மாசம், அரசாங்கமே சொல்லிருச்சு. 2018-ல இத மீறி காண்டோவ வாடகைக்கு விட்ட ரெண்டு பேருக்கு ஆளுக்கு 60,000 சிங்கப்பூர் டாலர் அபராதம் தீட்டுனாங்க. இங்க ஒவ்வொரு அசோசியேஷனும் ஒரு ரூல், ஒண்ணுல 30 நாள், பக்கத்து காம்ப்ளெக்ஸ்ல தாராளமா விடுறாங்க, புக் பண்ற ஆளுக்கு அது எங்கயும் கண்ணுல படாது. கேட்டுக்கு வந்தாதான் தெரியும்.

வயசானவங்க இருக்காங்கன்னு ஐடி ஜெராக்ஸ் வாங்கிக்கிட்டு அன்னைக்கு ராத்திரி மட்டும் விட்டாங்க, நீச்சல் குளம் பக்கம் போகக்கூடாதுன்னு கண்டிஷன். மறுநாள் துரைப்பாக்கத்துல ஒரு சர்வீஸ் அபார்ட்மெண்டுக்கு மாறிட்டோம். வாடகை கூடத்தான், ஆனா ஃபார்ம் சி அவங்களே போட்டாங்க, ஜிஎஸ்டி பில்லும் குடுத்தாங்க. இண்டக்‌ஷன் அடுப்புல தோசை வரலன்னு அம்மாதான் கடைசி வரைக்கும் பொலம்பிட்டே இருந்தாங்க.

ஃபிளாட் எடுக்கிறவங்க, பணம் கட்டறதுக்கு முன்னாடியே அசோசியேஷன் குடுத்த பர்மிஷன் லெட்டர வாட்ஸ்அப்ல அனுப்பச் சொல்லுங்க. "அதெல்லாம் பாத்துக்கலாம் சார்"னு பதில் வந்தா வேற இடம் பாருங்க.