ஜவ்வு ஆபரேஷனுக்குப் பிறகு பயிற்சி: குன்னூர் பெட்போர்டு பிசியோதெரபி மையம்

முழங்கால் ஜவ்வு கிழிந்து கோயமுத்தூரில் ஆபரேஷன் முடித்துவிட்டு, பயிற்சிக்காக அடிக்கடி மலையிறங்கிப் போய்வர முடியாமல் தவிக்கிற நீலகிரிக்காரர்களுக்காக எழுதுகிறேன். குன்னூர் பெட்போர்டு பக்கம் முதல் மாடியில் ஒரு மையம் இருக்கிறது. போர்டில் 'பிசியோதெரபி' என்று மட்டும்தான் போட்டிருக்கும். கண்ணை மூடிக்கொண்டு போகலாம்.

எனக்குக் கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டி, அதாவது படுகர் கிராமம். கொஞ்சம் தேயிலை இருக்கிறது, ஊர் கிரிக்கெட் டீமில் ஒன் டவுன், அதாவது மூன்றாவது ஆளாக பேட்டிங் இறங்குவேன். பவுண்டரியில் பந்தை மறிக்கப் போய்க் காலை ஊன்றியபோது முட்டி திரும்பிக்கொண்டது. எம்.ஆர்.ஐ. எடுத்தால் ஏ.சி.எல். என்கிற முட்டியின் முன்பக்க ஜவ்வு முழுசாக அறுந்திருந்தது.

முதல் நாள் அங்கே பயிற்சி தருகிற மேடம் கேட்டது, "இந்தக் காலை வச்சு என்னல்லாம் செய்யணும் அண்ணா?" கிரிக்கெட் என்றேன். "அது இருக்கட்டும், ரோட்டிலிருந்து வீட்டுக்கு எப்படிப் போவீங்க?" படி, சரிவு, கொழுந்து மூட்டையின் எடை எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டார். "ஏத்தத்துல மூச்சுதான் வாங்கும். இறக்கத்துலதான் முட்டி அடி வாங்கும்" என்றார். மலையில் வாழ்கிறவனின் காலுக்கு என்ன தேவை என்று அதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

ஊரில் எல்லோரும் நியூசிலாந்து பேட்ஸ்மேன் கேன் வில்லியம்சனை உதாரணம் காட்டினார்கள். 2023 மார்ச் 31, அகமதாபாத், ஐபிஎல்லில் குஜராத் அணிக்காக அவர் ஆடிய சிஎஸ்கே மேட்ச். ருதுராஜ் அடித்த சிக்ஸரைத் தடுக்க எல்லைக்கோட்டில் எகிறி விழுந்தாரே, அதே வலது முட்டி, அதே ஏ.சி.எல். அன்றைக்கு அவருக்குப் பதிலாக இம்பாக்ட் பிளேயராக (ஆட்டத்தின் நடுவே மாற்றி இறக்கும் ஆளாக) இறங்கியவர் நம்ம சாய் சுதர்சன். ஏப்ரலில் ஆபரேஷன், அக்டோபர் 13-ஆம் தேதி சேப்பாக்கத்தில் உலகக் கோப்பை மேட்சில் வங்கதேசத்துக்கு எதிராக 78 ரன். "ஆறு மாசத்துல வந்துட்டாரே, நீ இன்னும் என்ன பண்றே?" என்று என்னைக் குடைந்தார்கள்.

இதைச் சொன்னதும் மேடம் சிரிக்கவில்லை, சலித்துக்கொள்ளவும் இல்லை. வில்லியம்சன் அந்த உலகக் கோப்பையின் முதல் இரண்டு மேட்சிலும் ஆடாமல் உட்கார்ந்திருந்ததையும், பயிற்சி ஆட்டத்தில் பேட்டிங் மட்டும் செய்து ஃபீல்டிங்கைத் தவிர்த்ததையும் எடுத்துச் சொன்னார். ஓடித் திரும்பி ஆடுகிற ஆட்டத்துக்குப் பொதுவாக ஒன்பது மாதமாவது வேண்டும் என்றார். "நாள் கணக்கை விடுங்க, கால் கணக்கைப் பார்ப்போம்."

கால் கணக்கு என்றால் நிஜமாகவே கணக்குதான். முட்டிக்கு மேலே பேனாவால் ஒரு கோடு போட்டு, டேப்பைச் சுற்றி இரண்டு தொடையையும் அளப்பார். ஆபரேஷன் ஆன கால் எவ்வளவு சீக்கிரம் இளைத்துப் போகிறது என்று பார்த்தால் பகீரென்றிருக்கும். முட்டிக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து அழுத்தச் சொல்வார். தொடைத் தசை கல்லாக இறுகும்வரை விடமாட்டார். பிறகு கண்ணாடி முன்னால் ஒரு மரப்படி. நல்ல காலை மெதுவாகக் கீழே இறக்க வேண்டும், மேலே நிற்கிற காலின் முட்டி உள்பக்கம் சாயக் கூடாது. சாய்ந்தால் விரலால் தொட்டுக் காட்டுவார், அவ்வளவுதான். இந்த ஒரு பயிற்சிக்காகவே இங்கே போகலாம். என் தோட்டத்துச் சரிவில் இறங்கும்போது அந்த விரல் ஞாபகம் வந்து முட்டியை நேராக்கிக்கொள்கிறேன்.

வில்லியம்சனைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். சேப்பாக்கத்தில் அவ்வளவு பாடுபட்டு வந்தவர், ரன் ஓடும்போது எறிந்த பந்து பட்டு இடது கட்டைவிரல் முறிந்து பாதியில் வெளியேறினார். எனக்கு நெஞ்சே அடைத்துவிட்டது. நவம்பர் 4-ஆம் தேதி பெங்களூரில் பாகிஸ்தானுக்கு எதிராக 95 அடித்தார். 2024 பிப்ரவரியில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக இரண்டு டெஸ்டில் மூன்று சதம். அப்புறம் தொடை இடுக்குத் தசைப்பிடிப்பு. இந்தியாவில் நியூசிலாந்து 3-0 என்று ஜெயித்த தொடரில் ஒரு டெஸ்ட்கூட ஆடவில்லை. டிசம்பரில் ஹாமில்டனில் இங்கிலாந்துக்கு எதிராக 156. என்னைக் கேட்டால், முட்டியைவிட 2021-இல் படுத்திய இடது முழங்கைதான் அவருக்குக் கொடுமை. வலது கை பேட்ஸ்மேன் பேட்டின் பிடியில் மேலே பிடிக்கிற கை அதுதானே, பேட்டை நேராக வைத்திருப்பதே அந்த முழங்கைதான். அத்தனைக்குப் பிறகும் பந்தைக் கண்ணுக்குக் கீழே வரவிட்டு, தளர்ந்த கையால் பின்னால் தேர்ட் மேன் பக்கம் தட்டுகிறார். அந்த ஆட்டத்தை மாற்றிக்கொள்ளாததற்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

குறையும் உண்டு. மாடிப்படி செங்குத்து, ஒரு பக்கம்தான் கைப்பிடி. ஊன்றுகோலோடு வருகிறவர்கள் துணைக்கு ஆள் கூட்டிவர வேண்டும். சைக்கிள் ஒன்றே ஒன்று. டிசம்பர் குளிரில் முட்டி இறுகிக் கிடக்கும்போது எல்லோருக்கும் முதலில் அதுதான் தேவை, காத்திருக்க நேரும். ஆண், பெண் இருவருக்கும் நடுவே வெறும் திரை. இதை அவர்கள் மாற்றியே ஆக வேண்டும், எங்கள் ஊர்ப் பெண்கள் பலர் இதனாலேயே தயங்குகிறார்கள்.

ஒரு தடவைக்கு 350 ரூபாய். ஞாயிறு லீவு. போனிலேயே நேரம் வாங்கிவிடுங்கள், காலை நேரம் சீக்கிரம் நிரம்பிவிடும். போகும்போது எம்.ஆர்.ஐ. ஃபிலிமும் டிஸ்சார்ஜ் சம்மரியும் கட்டாயம் கையில் இருக்கட்டும். ஒட்டுப்போட்ட ஜவ்வு எந்த இடத்திலிருந்து எடுத்தது என்று தெரியாமல் பயிற்சியைத் தொடங்க மாட்டார்கள்.