குன்னூரில் ஒரு விறகுக் கடை: ஈரத்துக்குக் காசு வாங்காத இடம்

ஐப்பசி பிறந்து வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் குன்னூரில் துணி காயாது, தீக்குச்சி நமத்துப் போகும், கணப்பு வைத்த பழைய வீடுகளில் குடியிருப்பவர்களுக்கு விறகுக் கவலை தொடங்கிவிடும். அப்படியொரு வீட்டில் இருக்கும் நான், நான்கு ஆண்டுகளாகக் கோத்தகிரி சாலையில் பெயர்ப்பலகை இல்லாத ஒரு விறகுக் கடையில்தான் வாங்கி வருகிறேன். தகரக் கூரை, மூன்று பக்கமும் திறந்த கொட்டகை, ஒரு பழைய தராசு, இவ்வளவுதான் கடை.

அங்கே சீகைக் கட்டை (வாட்டில் மரம்) கிலோ 12 ரூபாய். அதற்கு முன் நான் வாங்கிய இடத்தில் 9 ரூபாய்தான் என்பதால், முதல் நாள் கடைக்காரரிடம் சற்று மனத்தாங்கலோடுதான் பேசினேன். அவர் மறுத்துப் பேசாமல் இரண்டு கட்டைகளை எடுத்து ஒன்றோடொன்று தட்டிக் காட்டினார், கணீரென்று ஒலித்தது. பிறகு அந்த வாரம் வந்திறங்கிய இரண்டு கட்டைகளைத் தட்டினார். ஈரத்துணியை அடித்தது போல மொத்தென்று விழுந்தது ஓசை. உலர்ந்த கட்டையின் வெட்டுமுகத்தில் நடுவிலிருந்து விளிம்பு வரை வெடிப்புகள் ஓடியிருக்கும், பட்டை கையோடு கழன்று வரும் என்பதையும் அன்றுதான் கற்றுக்கொண்டேன்.

ஆனாலும் மனம் ஆறாமல், பழைய கடையின் கட்டைகளில் மீந்திருந்தவற்றிலிருந்து 5 கிலோவை நிறுத்து, தாழ்வாரத்தில் மழை படாமல் அடுக்கி, அடுத்த பங்குனியில் மறுபடி நிறுத்துப் பார்த்தேன். 3 கிலோ 300 கிராம்தான் இருந்தது. அப்படியானால் 9 ரூபாய் விறகின் உண்மையான விலை கிலோவுக்கு 13 ரூபாய் 60 காசு ஆகிறது. மீதியைக் கொடுத்து நான் வாங்கியது தண்ணீர்.

நட்டம் எடையோடு முடிவதுமில்லை. ஈரமே இல்லாமல் முற்றிலும் உலர்த்திய மரம் எரிந்தால் கிலோவுக்கு ஏறத்தாழ 4,500 கிலோ கலோரி வெப்பம் கிடைக்கும். பாதி எடை நீராக உள்ள பச்சை மரத்திலோ எரியக்கூடியதே அரைக் கிலோதான், அந்த அரைக் கிலோவும் முதலில் தன்னுடன் இருக்கும் நீரைச் சுட வைத்து ஆவியாக்கியாக வேண்டும் என்பதால், கைக்கு மிஞ்சுவது 2,000 கிலோ கலோரிக்கும் குறைவு. அதைவிடப் பெரிய தீமை புகை. மரம் சூடேறும்போது அதிலிருந்து வெளிவரும் வாயுக்கள்தான் சுடராக எரிகின்றன. உலர்ந்த மரத்தின் எடையில் முக்கால் பங்கு இப்படி வாயுவாகப் போய், மீதிதான் தணலாகக் கனல்கிறது. ஈரம் நெருப்பின் சூட்டைக் குறைத்துவிட்டால் அந்த வாயுக்கள் எரியாமலே புகைபோக்கி ஏறி, குளிர்ந்த சுவரில் தாராகப் படிகின்றன. என் வீட்டுப் புகைபோக்கியைச் சுத்தம் செய்ய வந்தவர் உள்ளேயிருந்து சுரண்டிப் போட்ட கறுத்த பளபளப்பான கட்டிகள் ஒரு பக்கெட் நிறைய இருந்தன. அந்தப் படிவே ஒரு நாள் பற்றிக்கொள்ளக்கூடும் என்று அவர் சொன்னபோது, 9 ரூபாய்க் கடையை நான் கைவிட்டேன்.

மர வகைகளில் இந்தக் கடைக்காரரிடம் முதலிடம் சீகைக்குத்தான். கனத்த மரம், நிதானமாக எரியும். இரவு பத்து மணிக்குப் போட்ட கட்டையின் கங்கு விடியலில் சாம்பலைக் கிளறினால் இன்னும் கண் விழிக்கும். கற்பூர மரமும் (யூக்கலிப்டஸ்) உண்டு. 1843-இல் நீலகிரிக்கு வந்த அந்த மரம், சோலைக்காடுகளை வெட்டி எரித்துத் தீர்த்த பிறகு விறகுக்கென்றே தோட்டம் தோட்டமாக நடப்பட்டது என்பதால், அதை எரிப்பதில் எனக்குக் குற்ற உணர்வு கிடையாது. பச்சையாக இருக்கும்போதே பிளந்துவிட வேண்டும். காய்ந்தபின் முறுக்கேறிக் கோடாலியைத் திருப்பி அனுப்பும். சில்வர் ஓக்கைத் தேயிலைத் தோட்டங்களில் நிழல் மரம் கழிக்கும்போது கொண்டு வருகிறார்கள். எடைக்கு எடை பார்த்தால் எந்த மரத்தின் வெப்பமும் ஏறத்தாழ ஒன்றுதான் என்றாலும், சில்வர் ஓக் லேசான மரம் என்பதால் சட்டென்று பற்றி விரைவில் முடிந்துவிடும். தீ மூட்டவும் வெந்நீர் போடவும் அது போதும். பைன் கட்டை அவர் வைப்பதில்லை. அதன் பிசினால் வரும் புகைக்கரியை நான் வேண்டாம் என்று சொல்வதற்கு முன்பே அவர் வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறார்.

சிலிண்டர் இருக்க விறகு எதற்கு என்று கேட்பவர்களுக்கு: சமையலுக்கு நானும் எரிவாயுதான் பயன்படுத்துகிறேன், அறையைச் சூடாக்கத்தான் விறகு.

குறை சொல்ல வேண்டியது மரக்கரி விற்பனையைப் பற்றி. கரி நல்ல கரிதான். உடைத்தால் கண்ணாடி போல ஒலிக்கும், கிலோவுக்கு 7,000 கிலோ கலோரியளவு சூடு தரும், புகை அநேகமாக இராது. அந்தப் புகையின்மைதான் ஆபத்து. மூடிய அறையில் கரி அடுப்பை வைத்தால் நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு சேர்ந்து, தூங்குபவரை எழுப்பாமலே கொன்றுவிடும். சமவெளியிலிருந்து வந்து தங்கும் விருந்தினர்கள் குளிர் தாங்காமல் கரி மூட்டையும் குமுட்டி அடுப்பும் வாங்கிப் போவதை நானே பார்த்திருக்கிறேன். கடைக்காரர் அவர்களிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. நான் எடுத்துச் சொன்ன பிறகு, "ஜன்னலைத் திறந்து வச்சுக்குங்க சார், அடுப்ப ரூமுக்குள்ள வச்சுத் தூங்காதீங்க" என்று சொல்லித்தான் தருகிறார். ஆனால் அவர் மகன் கடையில் இருக்கும் நாட்களில் அதுவும் இல்லை. தராசுக்கு மேலே ஒரு பலகை எழுதி மாட்டினால் என்ன?

வண்டிக்கூலி தனி, வாசலில் இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள், அடுக்குவது நம் பாடு. கட்டைகள் ஒன்றரை அடி நீளம் என்பதால் சிறிய அடுப்புக்காரர்கள் முன்கூட்டியே சொல்லி அறுத்து வாங்க வேண்டும்.

சென்ற புரட்டாசியில் நான் போனபோது கொட்டகையின் பின்வரிசையில் நல்ல கனத்த சீகை அடுக்கி வைத்திருந்தார். அதைக் கேட்டேன். "அது இன்னும் ஆகல சார், தை கழிச்சு வாங்க" என்று முன்வரிசைக் கட்டையைத்தான் நிறுத்துக் கொடுத்தார். எடை இறங்குவதற்குள் விற்றால் அவருக்குத்தான் லாபம். முன்வரிசை ஐப்பசிக்குள் தீர்ந்துவிடும். கார்த்திகையில் போய்க் கேட்ட என் பக்கத்து வீட்டுக்காரர் சில்வர் ஓக்கோடுதான் திரும்பி வந்தார்.