ஏற்காட்டுச் சரிவில் வெட்டிவேரும் வாய்க்காலும்: பல மழைக்காலம் கண்ட அனுபவம்

நாகலூர் பக்கம் எங்களுடையது நல்ல சரிவான பழத்தோட்டம். ஆரஞ்சு, கொய்யா, பட்டர் ஃப்ரூட், ஓரத்தில் பலா. மழையில் மேல்மண் அடித்துப் போகாமல் இருக்க, சரிவுக்குக் குறுக்கே ஒரே மட்டத்தில் வாய்க்கால் வெட்டி, கீழ்க்கரையில் வெட்டிவேர் வைத்திருக்கிறோம். பல மழைக்காலம் பார்த்தாகிவிட்டது, தாராளமாக நம்பலாம்.

பத்து சென்ட் நிலத்தில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் சுமார் 20,000 லிட்டர் தண்ணீர். மலையில் ஒரு சாயங்கால மழைக்கே அது சாதாரணம். அத்தனையும் தேங்கவும் கூடாது, பாய்ந்து ஓடவும் கூடாது.

மட்டத்தைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள், சரிவில் கண் ஏமாற்றும். கொத்தனார் வைத்திருக்கும் ட்யூப் லெவலே (தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் குழாய்) போதும். ஒவ்வொரு வாய்க்காலின் கடைசியிலும் கல் பாவி, ஓடைக்கு வழி விட்டே ஆக வேண்டும். வழி இல்லாவிட்டால் ஐப்பசி மழையில் கரை ஓரிடத்தில் உடையும், அங்கிருந்து கீழே பள்ளம் பறித்துவிடும்.

வெட்டிவேரின் வேர் பக்கவாட்டில் பரவாமல் நேராகக் கீழே இறங்குவதால் மரத்தோடு போட்டியில்லை. வருடம் ஒருமுறை முழங்கால் உயரத்துக்கு அறுத்து மரத்தடியில் மூடாக்குப் போடுகிறோம். ஒரே குறை, நிழலில் வராது. சில்வர் ஓக் நிழல் விழும் இடத்தில் சிமெண்ட் இல்லாமல் கல்வரப்புதான் கட்டினோம், தண்ணீர் கசிந்து இறங்குகிறது.

மழை விட்டதும் வாய்க்காலைப் பாருங்கள். தண்ணீர் நுழையும் இடத்தில் பருமணல், கடைசியில் வழவழவென்று கறுத்த வண்டல். அந்த வண்டலை அள்ளி ஆரஞ்சுக்கே போட்டுவிடுவோம். நம் மேல்மண், நமக்கே திரும்புகிறது.

ஆரஞ்சு, கொய்யாவுக்குக் கீழ்ப்புறம் பிறை வடிவில் வரப்பு போடலாம். பட்டர் ஃப்ரூட்டுக்கு வேண்டவே வேண்டாம். தூரில் தண்ணீர் நின்றால் வேரழுகல் வந்துவிடும். இலை சிறுத்து வெளுக்கும், நுனிக்கிளை மொட்டையாகும். அதை மேடு கட்டித்தான் நட வேண்டும்.

பொக்லைன் விட்டுச் சரிவைப் படிக்கட்டு போல வெட்டலாமா என்று கேட்கிறார்கள். மேல்மண் அடியில் போய் அடிமண் மேலே வந்துவிடுவதால் எனக்கு அதில் விருப்பமில்லை.

செலவு பெரும்பாலும் கூலிதான். வெட்டிவேர் நாற்றை ஒருமுறை வாங்கினால் சரி. அப்புறம் பழைய தூரைப் பிரித்து, ஒரு சாண் இடைவெளிக்குள் ஆடி மழையில் நட்டால் விட்டுப்போன இடங்களும் அடைந்துவிடும்.