பெரியம்மாவின் 11 நோட்டுகள்: அச்சா, கிண்டிலா, மின்னூலா, முகநூலா?

பெரியம்மாவுக்கு 78 வயது. மலேசியாவில், சிலாங்கூரின் பத்தாங் பெர்ஜுந்தையைச் சுற்றியிருந்த தோட்டங்களில் ரப்பர் பால் வெட்டியே பிள்ளைகளைக் கரையேற்றியவர். ஊரின் பெயரை 2007-இல் பெஸ்தாரி ஜெயா என்று மாற்றிவிட்டார்கள், ஆனால் அவர் வாயில் இன்றும் பழைய பெயர்தான். பள்ளி நோட்டு 11 வாங்கி, தோட்டத்தில் கண்டதையெல்லாம் எழுதி வைத்திருக்கிறார். விடியுமுன் பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு ஓடியது, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் விட்டுவந்த பிள்ளையின் அழுகை காட்டுவரை கேட்டது, மழை இறங்கினால் பால் வடியும் மங்கில் தண்ணீர் ஏறி அன்றைய கூலி போனது, ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டபோது யார் யார் மூட்டை கட்டினார்கள் என்பது, எல்லாம் இருக்கிறது.

இது வெளியே வந்தாக வேண்டும். நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் எங்கள் வட்டாரத்துத் தென்னமரம் எஸ்டேட், 1917-இல் நட்டது. நட்ட துரை யார் என்று தேடினால் உடனே கிடைக்கிறது. குழி வெட்டியது யார் என்று தேடிப் பாருங்கள், ஒன்றும் வராது. அதனால்தான் சில மாதங்களாக எந்த வழியில் பதிப்பிக்கலாம் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன். நான்கு வழிகள் தெரிந்தன.

முதலில் அச்சு, ஏனென்றால் பெரியம்மா கேட்டது அதைத்தான். 300 பிரதி போட்டாலே சில ஆயிரம் வெள்ளி (ரிங்கிட்) ஆகிவிடும். அதை மீட்க நம் ஊரில் இருக்கும் ஒரே வழி நூல் வெளியீடு: மண்டபம் பிடி, பிரமுகரைக் கூப்பிடு, முதல் நூலை வாங்க ஓர் ஆளை ஏற்பாடு செய், மற்றவர்கள் உறையில் பணம் போட்டுக் கொடுப்பார்கள். இந்த ஏற்பாட்டை நான் குறைத்துப் பேச மாட்டேன், மலேசியத் தமிழ்ப் புத்தகங்கள் எத்தனையோ இப்படித்தான் வெளிச்சம் பார்த்திருக்கின்றன. ஆனால் உறை கொடுத்தவர் படிப்பார் என்று சொல்ல முடியாது, அன்று விற்காதது கட்டிலுக்கு அடியில் பெட்டியோடு கிடக்கும். எங்கள் டவுனில் தமிழ்ப் புத்தகக் கடையே இல்லை; பூசைச் சாமான் கடையில் பத்திரிகையும் பஞ்சாங்கமும் தொங்கும், அவ்வளவுதான்.

அச்சுக்கு ஒரு பெரிய பலம் உண்டு. தேசிய நூலகத்தில், ஒரு புத்தகத்தை அடையாளம் காட்டும் ஐஎஸ்பிஎன் எண்ணை இலவசமாகவே வாங்கலாம். அப்புறம் 1986-ஆம் ஆண்டுச் சட்டப்படி அச்சிட்ட நூலில் 5 பிரதிகளை அங்கே ஒப்படைக்க வேண்டும். பலர் இதைத் தொல்லை என்று நினைக்கிறார்கள். எனக்கு இதுதான் பெரிய விஷயம். தோட்டமே தாமானாக, அதாவது குடியிருப்பாக, மாறிப் போனாலும், கோலாலம்பூரில் ஓர் அலமாரியில் அந்தப் புத்தகம் இருக்கும்.

அமேசானின் மின்னூல் கடையான கிண்டிலைச் சீக்கிரம் சொல்லி முடிக்கிறேன். 2016 டிசம்பரிலிருந்து அதில் தமிழ்ப் புத்தகம் வாங்கலாம், பதிவேற்றச் செலவில்லை, வெளிநாட்டு வாசகர் கிடைப்பார்கள், துப்பறியும் கதையோ தொடர்கதையோ எழுதுகிறவருக்கு நல்ல இடம். ஆனால் அமேசானுக்கு மலேசியாவில் தனிக் கடை கிடையாது. அமெரிக்கக் கடையில் டாலரில் கார்டு தட்ட வேண்டும். 2.99 டாலருக்குக் குறைவாக விலை வைத்தால் எழுதியவர் கைக்கு 35 விழுக்காடுதான். பெரியம்மாவோடு பால் வெட்டியவர்களில் யார் கையில் கிரெடிட் கார்டு இருக்கிறது? இந்தப் புத்தகத்துக்கு வேண்டாம்.

முகநூலை நான் முதலில் அலட்சியமாகத்தான் நினைத்தேன், இப்போது அப்படி இல்லை. ஆயாக் கொட்டகை பற்றிய இரண்டு பக்கத்தைத் தட்டிப் போட்டேன். இரவுக்குள் காப்பாரிலிருந்து ஒருவர், ரவாங்கிலிருந்து ஒருவர், ஜொகூருக்குப் போய்விட்ட ஓர் அக்கா, எல்லாரும் வந்துவிட்டார்கள். பெரியம்மா மறந்துபோன ஆயாவின் பெயரை அந்த அக்கா சொன்னார். ஸ்டோருக்குப் பின்னால் இருந்தது வேப்பமரம் இல்லை, புளியமரம் என்று ஒருவர் திருத்தினார். படித்துக் காட்டியதும் பெரியம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை, அப்புறம், "ஆமாடா, புளியமரந்தான், நாந்தான் தப்பா எழுதிட்டேன்" என்று பேனாவை எடுத்து நோட்டிலேயே திருத்தினார். எந்த அச்சுப் புத்தகமும் இதைச் செய்யாது, அச்சானபின் தெரிந்த தவறு அச்சிலேயே நின்றுவிடும். ஆனால் முகநூலில் போட்டது நிற்காது. பத்து நாளில் அந்தப் பதிவு அடியில் போய்விட்டது, நானே தேடி எடுக்கச் சிரமப்பட்டேன். பேச அருமையான இடம், வைத்துக் காக்கிற இடம் இல்லை.

பத்திரிகை செழிப்பாக இருந்தபோது இந்த வேலையை ஞாயிறு பதிப்புகள் செய்தன. பெரியம்மாவின் துணுக்குகள் நாலைந்து அப்படி வந்தவைதான், வெட்டி பிஸ்கட் டின்னில் வைத்திருக்கிறார். 1924-இல் தொடங்கிய தமிழ் நேசனே 2019 தொடக்கத்தில் நின்றுவிட்டது. மற்ற நாளிதழ்கள் இருக்கின்றன, ஆனால் எங்கள் தெருவில் காலையில் பத்திரிகை விழும் வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம், செய்தியெல்லாம் வாட்ஸ்அப் என்கிற புலனத்தில்தான் வருகிறது.

நான்காவது, இலவச மின்னூல். 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம் பழைய இலக்கியங்களை இப்படித்தான் உலகத்துக்கே இலவசமாகக் கொடுத்தது. நம் புத்தகத்தையும் அதே போல, யாரும் இலவசமாகப் பகிரலாம் என்கிற பொது உரிமத்தில் விட்டால் புலனத்திலேயே கைமாறிப் போகும். பிடிஎஃப் மட்டும் கொடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: கைப்பேசியில் பிடிஎஃப் பொடி எழுத்தாகத் தெரியும், இழுத்து இழுத்துத்தான் படிக்க வேண்டும். இபப் (EPUB) என்கிற மின்னூல் கோப்பில் எழுத்தை வேண்டிய அளவுக்குப் பெரிதாக்கலாம், கண் மங்கியவர்களுக்கு அதுதான் வசதி.

இங்கே ஒரு முக்கியமான விஷயம், யூனிகோடில் தட்டுங்கள். இருபது ஆண்டுக்கு முன் ஒரு பள்ளி மலருக்காகத் தட்டிய கோப்பு என்னிடம் இருந்தது, பெரியம்மாவின் கட்டுரை ஒன்று அதில் உண்டு. திறந்தால் ஒரே கிறுக்கல். அந்தக் காலத்து எழுத்துருக்கள் ஆளுக்கொரு கணக்கில் எண் வைத்திருந்தன, அந்த எழுத்துரு இல்லையென்றால் தமிழும் இல்லை. யூனிகோடில் ஒவ்வொரு எழுத்துக்கும் உலகம் முழுக்க ஒரே எண், இன்னும் பல ஆண்டு கழித்துத் திறந்தாலும் அ அ-வாகவே இருக்கும். தமிழில் தட்ட உதவும் முரசு அஞ்சலையும் செல்லினத்தையும் செய்த முத்து நெடுமாறன் நம் நாட்டவர், தட்ட வழியில்லை என்று இங்கே யாரும் சொல்ல முடியாது. வாயால் சொல்லித் தட்டச்சு செய்யும் வசதியையும் முயன்றேன். பொதுப் பேச்சுக்குப் பரவாயில்லை, பெரட்டு, மங்கு, கிராணி (தோட்டத்துக் குமாஸ்தா) என்றால் கண்டதை எழுதுகிறது. தோட்டத்துச் சொற்களைக் கையால்தான் தட்ட வேண்டும்.

இன்னொன்று, பெரியம்மாவின் பேரப்பிள்ளைகளில் பாதிப் பேர் மலாய்வழித் தேசியப் பள்ளியில் படித்தவர்கள். தமிழ் பேசுவார்கள், படிக்க வராது. அவர்களுக்கு அச்சும் ஒன்று, மின்னூலும் ஒன்று, இரண்டும் பூட்டிய கதவு. அதனால் ஒவ்வொரு அத்தியாயத்தையும் பெரியம்மாவையே வாசிக்கச் சொல்லிக் கைப்பேசியில் பதிவு செய்கிறேன். சில இடத்தில் நோட்டை மூடிவிட்டு வேறு கதைக்குப் போய்விடுகிறார், அதையும் வெட்டாமல் வைக்கிறேன்.

என் முடிவு இப்படி. முதலில் முகநூலில் ஒவ்வொரு பகுதியாகப் போட்டுத் திருத்தம் வாங்குவது. திருத்தியதை யூனிகோடில் மின்னூலாக்கி, குரல் பதிவோடு இலவசமாக விடுவது. கடைசியில் 100 பிரதி மட்டும், பெரிய எழுத்தில், ஐஎஸ்பிஎன்னோடு அச்சிடுவது. அச்சை முதலில் வைத்தால் புளியமரம் வேப்பமரமாகவே தேசிய நூலகத்துக்குப் போயிருக்கும்.

இதுவரை 3 நோட்டு முடிந்திருக்கிறது. நூலகத்துக்கு 5 கொடுக்க வேண்டும் என்று சொன்னதும் பெரியம்மா யாருக்கெல்லாம் கொடுப்பது என்று 12-ஆவது நோட்டு ஒன்று எடுத்துப் பெயர் எழுத ஆரம்பித்துவிட்டார், முதல் பெயர் அந்த ஆயாவின் மகள்.