கியர் பொக்ஸ் மாற்றாமலே மாற்றியதாக பில்: பழைய டிஃபென்டர் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

திருகோணமலையில் பழைய ஃபோர் வீல் வாகனம் வைத்திருப்பவர்கள், குறிப்பாக 90களில் வந்த லேண்ட் ரோவர் டிஃபென்டர்காரர்கள், இதைக் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள். கியர் பொக்ஸ் மாற்றியதாகச் சொல்லி என்னிடம் 340,000 ரூபா வாங்கினார்கள். அந்தப் பொக்ஸின் ஒரு போல்ட்டைக்கூட அவர்கள் தொடவில்லை.

வாகனம் டிஃபென்டர் 110. சுனாமிக்குப் பிறகு இங்கே வேலை செய்த ஒரு நிவாரண அமைப்பிடம் இருந்து, பிறகு ஏலத்தில் கைமாறி வந்தது. தம்பலகாமத்து வயலில் இருந்து நெல் மூட்டைகளோடு கண்டி வீதிக்கு ஏறும்போது பின்பக்கம் 'டக்' என்றது. அதற்கப்புறம் கியர் எல்லாம் ஒழுங்காக விழுகிறது, ஆனால் கிளச்சை விட்டால் எஞ்சின் திணறவும் இல்லை, வண்டி நகரவும் இல்லை. ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். அதுவும் பிடிக்காமல் பாரத்தோடு பின்னால் உருளத் தொடங்கியது. சில்லுக்குக் கல் வைத்துத்தான் நிறுத்தினோம். இந்த ஹேண்ட் பிரேக் விஷயத்தை மனதில் வையுங்கள்.

டிராக்டரில் கட்டி இழுத்து ஒரு கராஜுக்குக் கொண்டுபோனோம். பெயர் போடப் போவதில்லை, முறைப்பாடு நடக்கிறது. முதலாளி ஏறி ஸ்டார்ட் செய்தார், ஒரு தடவை கியர் போட்டார், இறங்கினார். "கியர் பொக்ஸ் முடிஞ்சுது அண்ணே. கொழும்பு பஞ்சிகாவத்தையில இருந்து ரீகண்டிஷன் ஒண்டு எடுக்க வேணும்." வண்டிக்குக் கீழே குனிந்துகூடப் பார்க்கவில்லை. வேலை முடிந்தது என்று கூப்பிட்டு, ஒரு பேசினில் பல் உடைந்த கியர்களைக் காட்டி, இவைதான் உங்கள் பழைய பொக்ஸுக்குள் இருந்தவை என்றார். வண்டியும் ஓடியது. காசைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

விஷயம் வெளியே வந்தது கிண்ணியாவில். பின் பிரேக் பார்க்க ஒரு நானாவிடம் கொண்டுபோயிருந்தேன். சில்லைக் கழற்றியவர் என்னைக் கூப்பிட்டார். "தம்பி, இந்தப் பக்கத்து ஃபிளேஞ்ச் புதுசு. மற்றப் பக்கம் பழசு. ஆர் மாத்தினது?" பில்லில் அப்படி ஒரு சாமானே இல்லை. உடனே டோர்ச்சை எடுத்துக்கொண்டு வண்டிக்குக் கீழே போனார். கியர் பொக்ஸை எஞ்சினோடு இணைக்கும் பெல் ஹவுசிங் போல்ட்டுகளைச் சுற்றி வயல் சேறு காய்ந்து கல்லாகக் கிடந்தது. ஸ்பேனர் பட்ட அடையாளமே இல்லை. பொக்ஸின் பக்கவாட்டில் அந்த நிவாரண அமைப்பு போட்ட வெள்ளைப் பெயின்ட் இலக்கம் அப்படியே இருந்தது. பேசினில் கண்ட கியர்களைப் பற்றி நான் சொன்னதும் நானா கேட்ட கேள்வி: "அதில துரு இருந்ததா?" இருந்தது, செம்மண் நிறத்தில். நேற்றுவரை ஒயிலில் ஊறிக்கொண்டு சுற்றிய கியரில் எப்படித் துரு வரும்?

உண்மையில் போனது பின் சில்லின் டிரைவ் ஃபிளேஞ்ச். அச்சுக்குள் சுற்றும் ஹாஃப் ஷாஃப்ட்டின் சுழற்சியை, சில்லு பூட்டப்படும் ஹப்புக்குக் கொடுக்கும் துண்டு அது. ஐந்து போல்ட்டில் நிற்கிறது. உள்ளே இருக்கும் ஸ்ப்ளைன் பற்கள் காய்ந்து தேய்ந்து, ஒரு நாள் மொத்தமாக வழுக்கிவிடும். நடுவில் உள்ள மூடியைக் கழற்றினால் சிவப்புத் தூள் கொட்டும். அந்தத் துண்டை மட்டும் மாற்றிவிட்டு, பொக்ஸுக்குக் காசு வாங்கியிருக்கிறார்கள். முழுக்க முழுக்க தலையில் மிளகாய் அரைத்த வேலை.

சரி, இதை எப்படிக் கண்டுபிடிப்பது? டிஃபென்டர் எப்போதும் நான்கு சில்லிலும் ஓடும் வண்டி. முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே, சக்தியை இரண்டு பக்கமும் பிரித்தனுப்பும் டிரான்ஸ்பர் கேஸுக்குள், இரு பக்கமும் வேறு வேறு வேகத்தில் சுற்றவிடும் ஒரு டிஃபரன்ஷல் இருக்கிறது. ஒரு பக்கத்தில் பாரம் இல்லாமல் போனால் சக்தி முழுவதும் அந்தப் பக்கமே ஓடிவிடும். ஒரே ஒரு ஃபிளேஞ்ச் போனாலும் வண்டி அசையாமல் நிற்பது அதனால்தான்.

முதலில் அந்த டிஃபரன்ஷலைப் பூட்டும் டிஃப் லொக்கைப் போட்டுப் பாருங்கள். ஹை, லோ லீவரை இடப்பக்கம் தள்ளினால் டாஷ் போர்டில் லைட் எரியும். அதற்குப் பிறகு வண்டி நகர்ந்தால் கியர் பொக்ஸும் கிளச்சும் நன்றாக இருக்கின்றன என்று அர்த்தம். கோளாறு முன் அல்லது பின் அச்சுப் பக்கம். என் வண்டியில் அன்று இதைச் செய்திருந்தால் முன் சில்லுகளின் பலத்திலேயே மெதுவாக வீடு வந்திருக்கும்.

அடுத்தது ஸ்பீடோ மீட்டர். அதன் டிரைவ் டிரான்ஸ்பர் கேஸின் பின் ஷாஃப்ட்டில் இருந்து வருகிறது. டிஃப் லொக் போடாமல், வண்டி நிற்க முள் ஏறினால், சக்தி கியர் பொக்ஸைத் தாண்டி வந்துவிட்டது; பின்பக்கம்தான் எங்கோ விட்டுப்போயிருக்கிறது. முள் அசையாவிட்டால் மட்டும் பொக்ஸைக் குற்றம் சொல்லிவிட முடியாது. முன் பக்கம் விட்டுப்போனாலும் முள் அப்படித்தான் கிடக்கும். ஒருவரைத் தள்ளி நிற்கவைத்து டிரான்ஸ்பர் கேஸில் இருந்து முன் அச்சுக்குப் போகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் சுற்றுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். எந்த ஷாஃப்ட்டுமே சுற்றாதபோதுதான் கிளச், கியர் பொக்ஸ், டிரான்ஸ்பர் கேஸ் பற்றிப் பேச வேண்டும்.

ஹேண்ட் பிரேக்குக்கு வருகிறேன். டிஃபென்டரில் அது பின் சில்லுகளைப் பிடிப்பதில்லை. டிரான்ஸ்பர் கேஸின் பின்னால் உள்ள டிரம்மில் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டைத்தான் பிடிக்கிறது. ஃபிளேஞ்ச் விட்டுப்போனால் ஷாஃப்ட் நிற்கும், வண்டி உருளும். வயலடியில் எனக்கு நடந்தது அதுதான். உவர்மலை ஏற்றத்தில் நிறுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. ஆகவே, நகராத டிஃபென்டருக்குக் கீழே போகுமுன் சில்லுக்குக் கல் வையுங்கள்.

பழைய ஹைலக்ஸ், மிட்சுபிஷி 4டிஆர்5 ஜீப் போன்றவற்றில் கதை வேறு. அவை சாதாரணமாகப் பின் சில்லில் மட்டும் ஓடுபவை. டூ வீலில் நகராமல், முன் ஹப்பைப் பூட்டி ஃபோர் வீலில் போட்டதும் நகர்ந்தால், அங்கேயும் பொக்ஸில் பிழையில்லை. ஆனால் காய்ந்த தார் வீதியில் அந்த வண்டிகளைச் சும்மா ஃபோர் வீலில் ஓட்டாதீர்கள், வளைவுகளில் உள்ளே முறுக்கேறி நல்ல சாமானும் உடையும்.

கராஜுக்குத் திரும்பப் போய்க் கேட்டேன். "அந்த ரீகண்டிஷன் பொக்ஸும் அதே அமைப்பின் வண்டியில இருந்து வந்ததுதான்" என்றார் முதலாளி, கூச்சமே இல்லாமல். அதே இலக்கத்தோடா என்றதற்குப் பதில் இல்லை. பில்லில் முத்திரையும் இல்லை, பொக்ஸின் தொடர் இலக்கமும் இல்லை. பெரிய சாமான் மாற்றுவதென்றால், வண்டியைக் கொடுக்கும்போதே பழைய பொக்ஸின் தொடர் இலக்கத்தை ஃபோனில் படம் எடுத்துவிடுங்கள். கழற்றிய சாமானை முழுதாகத் திருப்பிக் கேளுங்கள், பேசினில் காட்டுவதை நம்ப வேண்டாம்.

நுகர்வோர் விவகார அதிகாரசபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். போல்ட், இலக்கம், ஃபிளேஞ்ச் மூன்றின் படங்களும் சேர்த்து. அவர்களுடைய துரித இலக்கம் 1977. மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், அதனால் இதே மாதிரி பில் கையில் வைத்திருப்பவர்கள் தாமதிக்க வேண்டாம்.